ரூபே கல்லு ரோட்டில் பொகாச்சர்: லீல் சைக்கிள்காரர் பதில்கள்

கேள்விகளைக் கொட்டிக் குவித்துவிட்டீர்கள். முக்கால்வாசி ஒரே ஆளைப் பற்றி, ஸ்லோவேனியாக்காரர் பொகாச்சர். புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும் நாலு வரி: பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் வரும் ஞாயிறு, 2025 ஏப்ரல் 13. பெயரில்தான் பாரிஸ். புறப்படுவது அதற்கு வடக்கே கொம்ப்பியேன் என்ற ஊரில், முடிவது பெல்ஜியம் எல்லையை ஒட்டிய ரூபேயில், நான் இருக்கும் லீல் நகருக்குப் பக்கத்தில். 259 கிலோமீட்டர். அதில் 55 கிலோமீட்டர் கல் பாவிய பழைய வயல் பாதை, முப்பது துண்டுகளாக. எல்லாம் ஒரே நாளில். தெரிந்தவர்கள் நேராகச் சண்டைக்கு வரலாம்.

டூர் தெ பிரான்ஸ் ஜெயித்த பொகாச்சருக்கு இந்தக் கல்லு ரோட்டில் என்ன வேலை ஐயா? விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் ஜூலை மாத டூர் போச்சே! அவருடைய அணிக்காரர்கள் எப்படி விட்டார்கள்?
— வாசகர், கோயம்புத்தூர்

இங்கே காப்பிக் கடையிலும் இரண்டு மாதமாக இதே பஞ்சாயத்துதான். பிப்ரவரியில் அவர் இந்தப் பந்தயத்தில் வரும் அரன்பெர்க் காட்டுப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் வீடியோ வந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது.

நடப்பு டூர் சாம்பியன் ஒருவர் ரூபேக்கு வருவது 1991-ல் கிரெக் லெமாண்ட் வந்ததற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. 34 வருடம். டூர் ஜெயித்தவர்களில் ரூபேயையும் ஜெயித்த கடைசி ஆள் பெர்னார் இனோ, 1981-ல். அவரும் அப்போது உலக சாம்பியனுக்கான வானவில் சட்டை போட்டிருந்தார், இப்போது பொகாச்சர் போட்டிருப்பது போலவே. இனோ அன்றைக்குப் பல தடவை விழுந்தார். ஒரு தடவை நாய் குறுக்கே வந்தது. எழுந்து வந்து, ரூபே ராஜாக்களான ரோஜர் தெ விளாமிங்கையும் பிரான்செஸ்கோ மோசரையும் ஸ்பிரின்டில் முந்தினார். ஜெயித்த கையோடு இந்தப் பந்தயத்தை வாய் நிறையத் திட்டினார். சாம்பியன் என்ற மரியாதைக்காக அடுத்த வருடம் ஒரு தடவை வந்தார். அதோடு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கை கால் உடையும் என்கிறீர்களே, 2023-ல் பொகாச்சரின் மணிக்கட்டு எங்கே உடைந்தது? லியேஜ் பந்தயத்தில், தார் ரோட்டில். அந்த வருட டூரில் இரண்டாவதாகத்தான் வந்தார். இந்த மார்ச்சில் இத்தாலியில் ஸ்திராதே பியாங்கே பந்தயத்தில் தார் ரோட்டு வளைவிலேயே சறுக்கிப் புரண்டு, உடம்பெல்லாம் சிராய்ப்போடு எழுந்துபோய் ஜெயித்தார். அந்த மனிதரை வீட்டில் உட்கார வைத்தாலும் மாடிப்படியில் விழுவார். விடுங்கள், வரட்டும்.

ஒருநாள் பந்தயங்களில் ஐந்துதான் பெரிய தலைகள்: சான்ரெமோ, ஃபிளாண்டர்ஸ், ரூபே, லியேஜ், லொம்பார்தியா. ஐந்தையும் ஜெயித்தவர்கள் சரித்திரத்தில் மூன்றே பேர், மூவரும் பெல்ஜியம்காரர்கள்: வான் லோய், மெர்க்ஸ், தெ விளாமிங். பொகாச்சருக்கு மூன்று வந்துவிட்டது. சான்ரெமோவில் போன மாதம் மூன்றாம் இடம். ரூபே பந்தயத்தில் பெரியவர்களோடு இதுவரை ஓட்டியதே இல்லை. இருபத்தாறு வயது. இப்போது வராமல் எப்போது வருவார்?

66 கிலோ ஆள் கல்லு ரோட்டில் பந்து மாதிரி துள்ளுவார், ஜெயிக்கவே முடியாது என்கிறார் என் கணவர். முடியும் என்பது என் கட்சி. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.
— வாசகி, சேலம்

புருஷன் பெண்டாட்டி வழக்கில் தீர்ப்புச் சொல்லி நான் பட்டது போதும். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மலை ஏறும்போது ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு சக்தி என்பது கணக்கு. இங்கே மலையே கிடையாது, தாம்பாளத் தட்டு மாதிரி பூமி. மொத்தச் சக்திதான் பேசும். அவருடைய போட்டியாளர்களில் நெதர்லாந்தின் வான் டர் பூல் 75 கிலோ, இத்தாலியின் கன்னா 80-க்கும் மேல். கனமான ஆள் சக்கரத்தைக் கல்லின் மேல் அழுத்தி வைக்கிறார். இலேசான ஆளைக் கல் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஒவ்வொரு தூக்கலிலும் பின்சக்கரம் ஒரு நொடி காற்றில் சும்மா சுற்றும், அது நஷ்டம்.

ஆனால் 2022 டூரில் இதே அரன்பெர்க் வரை கல்லு ரோட்டில் ஒரு நாள் ஓட்டம் வைத்தார்கள். டூர் பட்டத்துக்குப் போட்டியிட்ட மற்றவர்கள் தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்க, பொகாச்சர் கூட்டத்தை விட்டுப் பிரிந்து பறந்தார். அன்றைக்குத் துள்ளவில்லை.

கல் என்ன செய்யும் என்பதை என் கையைக் கேளுங்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, எங்களைப் போன்ற சாதாரண ஜனங்கள் அதே பாதையில் ஓட்டலாம். ஐம்பது வயது நிறைந்த வருடம் வீம்புக்குப் போய் 70 கிலோமீட்டர் தூரத்துக்குப் பெயர் கொடுத்தேன். வாடகை சைக்கிள். கடைக்காரர் டயரைக் கல் மாதிரி இறுக்கிக் காற்றடித்துக் கொடுத்தார், நானும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். முதல் கல் துண்டில் நுழைந்து பத்து விநாடி ஆகவில்லை, தண்ணீர் பாட்டில் எகிறிப் போய் வாய்க்காலில் விழுந்தது. பம்ப் அடுத்தது. பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன். அதுதான் தப்பு. எவ்வளவு இறுக்குகிறீர்களோ அவ்வளவு அதிர்வும் கையில் ஏறி, தோளில் ஏறி, பல்வரை போகும். பக்கத்தில் வந்த பெல்ஜியக் கிழவர் ஒருவர், பியானோ வாசிப்பது மாதிரி விரலைக் காற்றில் ஆட்டிக் காட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். இலேசாகப் பிடி என்று சைகை. பெரிய பல்சக்கரத்தில் செயினைப் போட்டு, வேகத்தைக் குறைக்காமல், பாதையின் நடுமுதுகில் ஓட்ட வேண்டும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக அடிக்கும். வேகமாகப் போனால் கல்லுக்குக் கல் மிதந்து போகலாம். மிதக்க எனக்குத் தொடையில் தெம்பு இல்லை. அன்று சாயங்காலம் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் சாசரில் டக டக என்று தாளம் போட்டது. இரண்டு நாளைக்குச் சட்டைப் பொத்தானை என் மனைவிதான் போட்டுவிட்டாள்.

ஈரோட்டில் முப்பது வருஷமா சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அங்கே டயருக்கு எத்தனை பவுண்டு காற்று?
— வாசகர், ஈரோடு

வாங்க, கேட்க வேண்டியதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் தொடையைப் பார்க்கிறார்கள். ரூபே டயரில் இருக்கிறது.

ஆளின் எடைக்குத் தக்கபடி 40-லிருந்து 60 பவுண்டுக்குள். உங்கள் கடைக்கு வரும் பால்காரர் அதைத் தொட்டுப் பார்த்து, “காத்தே இல்லியே அண்ணே” என்பார். டயர் அகலம் 32 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கொஞ்சம் மேல். உள்ளே டியூப் கிடையாது, பசை மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருக்கும், சின்ன ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் ரிம்மில் ஒட்டிய டியூபுலர் டயர், இத்தனை அகலமும் இல்லை. காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும், அதிர்வு குறையும். ஒரேயடியாகக் குறைத்தால் கல் விளிம்பில் ரிம் நேராக இடித்து உடையும். இந்த இரண்டுக்கும் நடுவில் மெக்கானிக் ஒரு நம்பரைப் பிடிக்க வேண்டும். மழை வந்தால் அந்த நம்பர் காலையில் மாறும். நெதர்லாந்து அணி ஒன்று ஓடும்போதே பொத்தானை அழுத்திக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள சக்கரத்தைக்கூடப் பயன்படுத்திப் பார்த்துவிட்டது.

கல்லுப் பாதை ஓரங்களில் அணி ஆட்கள் கையில் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி மணிக்கணக்கில் நிற்பார்கள். பஞ்சர் ஆன இடத்துக்கும் அந்த ஆள் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் பாதி நேரம் வெற்றி தோல்வி.

அரன்பெர்க், அரன்பெர்க் என்று எல்லாரும் நடுங்குகிறார்களே, அப்படி என்ன?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

காட்டுக்குள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி 2.3 கிலோமீட்டர் பாதை. இரு பக்கமும் மரம், மேலே கிளை கவிந்து வெயில் சரியாகப் படாது, கல் காய்வதில்லை. நடுவே பாசியும் புல்லும். அந்தப் புல்லை அகற்ற அண்மையில் ஆடுகளைக்கூட விட்டு மேய்த்தார்கள். கல்லுக்குக் கல் இடைவெளியில் கட்டை விரல் தாராளமாகப் போகும். முடிவுக்கு இன்னும் 95 கிலோமீட்டர் இருக்கும்போது இது வருகிறது. இங்கே யாரும் ஜெயிப்பதில்லை, தோற்பவர்கள் உண்டு.

இதைப் பந்தயத்துக்குக் காட்டிக் கொடுத்தவர் ழான் ஸ்தாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். சிறு வயதில் அரன்பெர்க் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார், பிறகு சைக்கிளில் உலக சாம்பியன் ஆனார், 1962-ல். 1968-ல் இந்தப் பாதை பந்தயத்தில் சேர்ந்தது. மற்றவர்கள் எல்லாம் அந்தக் கல்லின் மேலே ஓட்டியவர்கள். அடியிலே போய்க் கரி வெட்டியவர் அவர் ஒருவர்தான். பாதை வாசலில் அவருக்கு நினைவுக் கல் இருக்கிறது.

1998-ல் பெல்ஜியம்காரர் யோகான் மூசூவ் இங்கே விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கியது. காயத்தில் அழுகல் பிடித்து, காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலை. 2000-ல் திரும்பி வந்து ஜெயித்தார். கோட்டைத் தாண்டும்போது இடது காலைப் பெடலிலிருந்து எடுத்து, விரலால் அந்த முழங்காலைச் சுட்டிக் காட்டினார். ரூபேயில் எடுத்த படங்களில் என் சமையலறைச் சுவரில் இருப்பது அந்த ஒன்றுதான்.

யார் ஜெயிப்பார்? ஒரே வார்த்தையில்.
— வாசகர், திருநெல்வேலி

வான் டர் பூல்.

போன ஞாயிறு ஃபிளாண்டர்ஸில் பொகாச்சர் அவரை விட்டுவிட்டுப் போனதைப் பார்த்த பிறகுமா?
— வாசகர், சென்னை

பார்த்தேன். குவாரமாண்ட் மேட்டில் கடைசித் தடவை ஏறும்போது போனார், அப்புறம் அவர் முதுகைத்தான் பார்த்தார்கள். மேடு இருந்தது, போனார். ரூபேயில் மேடு எங்கே? கூட வருபவரைக் கழற்றி விட இங்கே இரண்டு வழிதான். ஒன்று, கல்லின் மேல் அவரால் தாங்க முடியாத வேகம். இன்னொன்று, அவருக்குப் பஞ்சர்.

வான் டர் பூல் 2023, 2024 இரண்டிலும் ஜெயித்தவர். போன வருடம் கடைசி 60 கிலோமீட்டர் தனியாக ஓட்டினார், பந்தயத்தின் சராசரி மணிக்கு 47.8 கிலோமீட்டர், அதுவரை ரூபேயிலேயே அதிவேகம். இந்த பிப்ரவரி தொடக்கத்தில் பக்கத்து ஊரான லியேவானில் சேற்று சைக்கிள் பந்தயத்தில் ஏழாவது உலகப் பட்டம் எடுத்தார். வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். சேற்றில் எல்லாருடைய பின்சக்கரமும் பாம்பு மாதிரி நெளிந்தது. அவருடையதும் நெளிந்தது, ஆனால் அவர் இடுப்பு மட்டும் நெளிவதற்கு முந்தியே அந்தப் பக்கம் போய்விடுகிறது. அதைப் பழக்கத்தில் வாங்க முடியாது. பொகாச்சருக்கு முதல் தடவையே ரூபே கிடைத்தால் சந்தோஷப்படுவேன், ஆனால் பணம் கட்ட மாட்டேன். இரண்டாம் இடம் என்றால் கட்டுவேன்.

வான் ஆர்ட்டை மறந்துவிட்டீர்களா?
— அவருடைய ரசிகர், பெங்களூரு

அந்தப் பெல்ஜியம்காரரை மறப்பேனா. 2023 ரூபேயில் வான் டர் பூலோடு, கடைசிப் பகுதியில் வரும் கார்ஃபூர் தெ லார்ப்ர் கல்லில் போய்க்கொண்டிருந்தபோது பின்சக்கரம் பஞ்சர். போன வாரம் பெல்ஜியத்தில் ஒரு பந்தயம்: முன்னால் நாலு பேர், அதில் மூன்று பேர் வான் ஆர்ட்டின் அணி. நாலாவது அமெரிக்கர் நீல்சன் பாவ்லெஸ். வீட்டுக்காரர் மூன்று பேர், விருந்தாளி ஒருவர். கடைசியில் இலை விருந்தாளிக்குத்தான் விழுந்தது. இதற்கு மேல் ஒரு மனிதனை நான் என்ன சொல்ல.

டென்மார்க்கின் மாட்ஸ் பெடர்சனைக் கவனியுங்கள். இரண்டு வாரம் முன்பு கெண்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் 56 கிலோமீட்டர் தனியாக ஓட்டி ஜெயித்திருக்கிறார், ஃபிளாண்டர்ஸில் இரண்டாவது.

ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ன செய்வார்கள்?
— வாசகர், சிதம்பரம்

நிற்க வேண்டும். 2006-ல் மூன்று பேர் நிற்கவில்லை, மூடிய கேட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ரூபே வந்து இரண்டு, மூன்று, நாலு என்று முடித்த பிறகு, மூவரையும் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் கான்செலாரா கேட் விழுவதற்கு முன்பே தனியாகப் போய்விட்டிருந்தார், ஜெயித்தார்.

கேட்டைவிடப் பெரிய கூத்து 1949-ல். முன்னால் வந்த ஆந்த்ரே மாயேக்கு ஸ்டேடியத்துக்கு வெளியே தப்பான வழி காட்டிவிட்டார்கள். அவர் பத்திரிகையாளர் பகுதி வழியாக உள்ளே நுழைந்து ஜெயித்தார். பின்னால் நேர் வழியில் வந்தவர்களில் முதல் ஆள் செர்சே கோப்பி, இத்தாலியின் பெரிய சைக்கிள் வீரர் ஃபாஸ்டோ கோப்பியின் தம்பி. வழக்கு மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் இரண்டு பேரும் ஜெயித்ததாக எழுதிக்கொண்டார்கள்.

பெண்களுக்கும் இதே பாதையா அண்ணா?
— வாசகி, யாழ்ப்பாணம்

முந்தின நாள், சனிக்கிழமை. தெனானில் புறப்பட்டு 148 கிலோமீட்டர், கல் 29 கிலோமீட்டர். அரன்பெர்க் கிடையாது, மற்றபடி கடைசிப் பகுதி இதேதான். 1896-ல் ஆண்கள் ஆரம்பித்ததைப் பெண்களுக்குத் திறந்துவிட 2021 ஆனது. அந்த முதல் வருடம் அக்டோபர், மழை, சேறு. இங்கிலாந்தின் லிசி டெய்க்னன் முடிவுக்கு 82 கிலோமீட்டர் இருக்கும்போதே தனியாகப் போய்விட்டார். கையுறை போடவில்லை. முடித்து நின்றபோது ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பில் இரத்தக் கறை.

இந்த வருடம் எல்லாரும் நடப்புச் சாம்பியன் லோட்டே கொப்பெக்கி என்பார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் மலை சைக்கிளில் தங்கம் வாங்கிய பொலின் ஃபெராண்ட்-பிரேவோ வந்தால் நான் அவர் பக்கம், தங்கச்சி. பிரெஞ்சுக் குடியுரிமை என்று ஒன்று என்னிடமும் இருக்கிறதே.

நீங்க நம்ம ஊர்க்காரராமே! ரூபேயும் மில் ஊருன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?
— வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி

உண்மை. அப்பா ரோடியர் மில்லில் இருந்தார். சங்கு ஊதினால் எங்கள் தெருவில் கடிகாரம் தேவையில்லை. நான் லீலுக்குத் தபால் பிரிக்கும் வேலைக்கு வந்து, முதல் தடவை ரூபே போனபோது செங்கல் புகைபோக்கிகளைப் பார்த்ததும் திருப்பத்தில் அப்பா டிபன் கேரியரோடு வந்துவிடுவார் போல இருந்தது. அங்கேயும் மில்கள் மூடிவிட்டன. பெரிய கம்பளி மில் 2000-ல் போனது.

இந்தப் பந்தயத்தைக் கிளப்பியதே தெயோடோர் வியேன், மோரிஸ் பெரேஸ் என்ற இரண்டு ரூபே நூல் மில் முதலாளிகள். ஊரில் சைக்கிள் ஓட்டப் பந்தய மைதானம் கட்டிவிட்டார்கள், கூட்டம் சேர்க்க வேண்டும், பாரிஸிலிருந்து ஒரு ஓட்டத்தை இங்கே கொண்டுவந்து முடி என்று யோசனை. 1896-ல் முதல் பந்தயம், ஜெயித்தவர் ஜெர்மன்காரர் யோசப் ஃபிஷர், பரிசு ஆயிரம் பிராங்க். இன்றைக்குப் பரிசு ஒரு பாதைக் கல். பீடத்தில் பதித்துக் கொடுப்பார்கள். ஜெயித்தவர் அதைத் தலைக்கு மேல் தூக்கும்போது கை நடுங்குவது வெறும் உணர்ச்சி மட்டும் இல்லை.

மைதானத்தின் பழைய குளியலறையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இடுப்பு உயரத்துக்கு சிமெண்டுத் தடுப்பு, கதவு கிடையாது, சங்கிலியை இழுத்தால் தண்ணீர். ஒவ்வொரு தடுப்பிலும் பித்தளைத் தகட்டில் முன்பு ஜெயித்தவர் ஒருவர் பெயர். மில் தொழிலாளர் குளிக்கும் இடம் மாதிரியே இருக்கும். இப்போது பெரும்பாலானவர்கள் அணி பஸ்ஸிலேயே குளித்துவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பாரிஸில் படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வேண்டும். எங்கே நிற்கலாம் அண்ணா? மழை வருமா?
— மாணவர், பாரிஸ்

கார்ஃபூர் தெ லார்ப்ர் வாருங்கள் தம்பி. முடிவுக்குப் பதினேழு கிலோமீட்டர் இருக்கும்போது வரும் கல்லு, 2.1 கிலோமீட்டர், கஷ்டத்துக்கு அரன்பெர்க் மாதிரியே முழுசாக ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வரும்போது அவர்கள் முகம் வேறு யாரோ மாதிரி இருக்கும்.

குருத்தோலை ஞாயிறு. எங்கள் பங்கில் பலரும் காலைப் பூசையை முடித்துக்கொண்டு குருத்தோலை கையோடு நேராக அங்கே வருகிறவர்கள்தான். பெல்ஜியம்காரர்கள் மஞ்சள் துணியில் கறுப்புச் சிங்கம் போட்ட கொடியோடு காலையிலேயே பீர் ஆரம்பித்திருப்பார்கள். அவர்கள் பின்னால் நிற்காதீர்கள், கொடிதான் தெரியும். லீலிலிருந்து பஸ்ஸை நம்பாமல் சைக்கிளில் வாருங்கள். வளைவின் உள்பக்கம் புல்லில் நில்லுங்கள், வெளிப்பக்கம் விழுகிறவர்களுக்கான இடம். கையில் எதையும் நீட்ட வேண்டாம். போன வருடம் யாரோ ஒரு அம்மா வான் டர் பூல் சக்கரத்தில் தொப்பியை எறிந்தார், இந்த மாதிரிக் கிறுக்குகளும் வரும்.

மழையா? 2002-க்குப் பிறகு 2021 வரை ஒவ்வொரு வருடமும் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், கோடைக்காலச் சட்டைக்கு மேல் ஒன்று. நான் கலப்பை வைத்த கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் பச்சைத் தொப்பியோடு நிற்பேன். ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி இருக்கும். கோப்பை நீங்கள் கொண்டு வாருங்கள், என்னிடம் ஒன்றுதான்.